அழவிடாத மூச்சு

ஆறு வயது மகள் யாழியின் குழியில் கைப்பிடி மண் போடும்போது திருமாறன் சிரித்துவிட்டான். எல்லோரும் பார்த்தார்கள். மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீடு திரும்பியதும் மனைவி அல்லி அவன் சட்டையைப் பிய்க்காத குறையாகத் திறந்து பார்த்தாள். வேலையில் சோர்வு தட்டினால் மூச்சைச் சீராக்கி உற்சாகம் ஏற்றுவதற்காகக் கம்பெனியில் மாட்டிவிடும் பெல்ட் உள்ளே இல்லை. நெஞ்சில் அதன் தடம் மட்டும் இருந்தது.

“பெல்ட் இல்லாமலேயா சிரிச்சீங்க?”

“இப்பல்லாம் அது தேவைப்படல அல்லி. உடம்பே பழகிடுச்சு.”

அவனும் அழத்தான் பார்த்தான். அழுகை வரும். உடனே மூச்சு தானாக ஆழமாக உள்ளே போகும், கொஞ்சம் நிற்கும், மெதுவாக வெளியே வரும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி கடைசியில் உதடு விரியும். வேலை செய்யும் ஆசை பொங்கிவரும். யாழி போய்விட்டாள் என்று போன் வந்தபோதும் அப்படித்தான். மிச்சமிருந்த பெட்டிகளை எல்லாம் அடுக்கி முடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

அழுது அழுது அல்லிக்குக் குரலே போய்விட்டது.

“என்னால தாங்க முடியலைங்க. அந்த மூச்ச எனக்கும் சொல்லிக் குடுங்க.”

அவன் அவள் கையை இறுகப் பிடித்தான்.

“வேணாம்டி. நம்ம வீட்டுல அவளுக்காக அழ நீ ஒருத்திதான் இருக்க.”

சொல்லிவிட்டு மூச்சை விட்டான். உதடு விரிந்தது. அல்லி முந்தானையால் அந்தச் சிரிப்பை மூடினாள்.