பாப்பா எந்த மொழி?

"தமிழ்னே போட்டுடறேம்மா. இந்தத் தெரு பூரா அதான்" என்றார் பஞ்சநாதன் சார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்திருந்த பள்ளி ஆசிரியர். அவர் விரல் போன் திரையில் 'தாய்மொழி' என்ற கட்டத்துக்கு மேலே தயாராக நின்றது.

"போட்டுடாதீங்க சார்" என்று பிரவீணா குறுக்கே புகுந்தாள். "எனக்குத் தமிழ். எங்க அத்தைக்கும் மாமாவுக்கும் தமிழ் இல்ல."

"ரெண்டு பேருக்கும் ஏலாக்குறிச்சின்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"ஊர் ஏலாக்குறிச்சி. பேச்சு வேற."

"அத எப்படிம்மா மொழின்னு எழுதறது? எழுத்தே கெடையாது."

"எழுத்து இல்லாத மொழி எத்தனையோ இருக்கே சார்." பிரவீணாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கல்யாணமாகி அரியலூருக்கு வந்தபின் மாமியார் வீட்டு மொழியைக் கற்றுக்கொண்டவள். அதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்குபவள். "இதுல காலத்தை முதல்லயே வச்சிடணும் சார். 'நேத்து'ன்னு ஒரு தடவை சொல்லிட்டாப் போதும். அப்புறம் சாப்பிடு, தூங்கு, சண்டை போடு, எதைச் சொன்னாலும் நேத்து நடந்ததுதான். வூட்டுக்கு யார் வந்தாலும் ஆளைப் பாத்து ஒரு பேர் வச்சிடுவாங்க. நான் மூக்குத்தி."

மாமியார் செங்கமலம் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். "என்ன வேணுமாம் இந்த வழுக்கைக்கு?" என்று மருமகளிடம் கேட்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் சார்.

"சார் முறுக்கு சாப்பிடுவாரான்னு கேக்கறாங்க."

மாமனார் அய்யாக்கண்ணு ஏற்கெனவே வாய் நிறைய முறுக்கை மென்றுகொண்டிருந்தார். மென்றபடியே தெளிவாகச் சொன்னார். "ஸ்கூல்ல இந்தப் பேச்சைப் பேசினா கையைக் கட்டி உக்கார வச்சாங்க. இவரும் வாத்தியார்தானே, வேற எப்படி இருப்பாரு?"

இதை மட்டும் பிரவீணா சர்க்கரை பூசாமல் மொழிபெயர்த்தாள். சார் எடுத்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இப்ப கல்விக் கொள்கையிலயே இந்த மொழியைப் பேர் சொல்லி எழுதியிருக்காங்க சார், பள்ளிக்கூடத்துல வளக்கணும்னு. பேச ஆள் இருக்குன்னு கணக்குல வந்தாத்தானே புஸ்தகம் வரும், வாத்தியார் வருவாங்க? வூட்டுக்கு வூடு தமிழ்னு போட்டுட்டுப் போயிட்டா, இவங்க இல்லவே இல்லேன்னு ஆயிடும்."

சார் யோசித்தார். வீட்டார் சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்றுதான் பயிற்சியிலும் சொல்லியிருந்தார்கள். அத்தைக்கு எழுதினார். மாமாவுக்கு எழுதினார். "ஒங்க வூட்டுக்காரர் ராஜேஷ்? சிமெண்ட் பேக்டரியில எல்லார்கிட்டயும் தமிழ்தானே பேசறாரு?"

பிரவீணா அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் செங்கமலம் முன்னால் வந்து நின்றாள். "தாய்மொழின்னா தாய் பேசின மொழி. அவனுக்குத் தாய் நானா, பேக்டரியா?"

ராஜேஷுக்கும் எழுதியாயிற்று. சார் தட்டில் இன்னொரு பிடி முறுக்கு விழுந்தது.

"அப்ப பாப்பாவுக்கு?" என்றாள் பிரவீணா.

"பேச ஆரம்பிக்காத பிள்ளைக்கு அம்மாவோட மொழி. ரூல் அது. தமிழ்தான்."

பிரவீணா தயங்கித் தயங்கிச் சொன்னாள். செங்கமலத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப எம் பையனோட முடிஞ்சுதா? பொறந்ததுலேருந்து நாளெல்லாம் அவகிட்ட பேசறேனே, அந்த வழுக்கைகிட்ட சொல்லு."

"பொறந்ததுலேருந்து பேத்திகிட்ட பேசறாங்களாம் சார்."

"இவங்க பேசறது சரிம்மா. அவ பேசணுமே? ஒரே ஒரு வார்த்தை பேசட்டும், நானே மாத்திப் போடறேன்." சாரின் விரல் 'தமிழ்' மேல் இறங்கப் போனது.

செங்கமலம் பாயிலிருந்த பேத்தியைத் தூக்கி எதிரே உட்காரவைத்தாள். "தங்கம், என்னடி வேணும்? சொல்லு."

பாப்பா செங்கமலத்தையே பார்த்தாள். பசி நேரம். ஆனால் வாயைத் திறக்கவே இல்லை. குட்டிக் கையை நீட்டி, மாட்டு மடியில் கறப்பதுபோல் விரல்களை மூடித் திறந்து மூடினாள்.

பால்.

காது கேளாத செங்கமலமும் அய்யாக்கண்ணுவும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்கள் பறக்க, சத்தமே இல்லாமல் ஆரவாரம் செய்தார்கள். பஞ்சநாதன் சார் பாப்பாவின் பெயருக்கு நேரே 'சைகை மொழி' என்று அடித்துவிட்டு, 'என் பேர் இதுதானே?' என்பதுபோல் செங்கமலத்தைப் பார்த்துத் தன் வழுக்கைத் தலையை ஒரு தடவை தடவிக் காட்டினார்.