சொந்த வாக்கியம்

நான்காவது தாளிலும் அதே வாக்கியம்.

டீச்சருக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

எபிடெமிக். பொருள் எழுதி, சொந்த வாக்கியத்தில் அமைக்க. இரண்டு மதிப்பெண்.

பொருளைச் சொல்லித்தான் கொடுத்திருந்தாள். ஓர் ஊரில், ஒரே நேரத்தில், பலருக்கும் பரவும் நோய். சொந்த வாக்கியத்தையும் அவளே கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தாள். அந்தக் காலத்தில் எபிடெமிக் வந்து ஊர் ஊராக மக்கள் இறந்தார்கள். வகுப்பு மொத்தமும் அதைத்தான் எழுதியிருந்தது. எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

இந்த நான்கு பேரைத் தவிர.

எங்கள் தெருவில் எபிடெமிக். எல்லோருக்கும் வாந்தி.

தப்பும் தவறுமான ஆங்கிலம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கின்றன. காப்பியடிப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டாமா?

மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு. நான்கு தாளுக்கும் சுழியம்.

தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு ஏழாம் வகுப்புக்கு நடந்தாள். வெள்ளிக்கிழமை வைத்த தேர்வு. கொழுந்தன் கல்யாணத்துக்குப் போன இடத்தில் தாள்கட்டு பையை விட்டு வெளியே வரவில்லை. இன்று புதன்.

நான்கு பெயர்களையும் கூப்பிட்டாள்.

இசக்கிராஜா மட்டும் எழுந்தான். மற்ற மூன்று பேரும் வரவில்லை. அவர்கள் இடத்தைச் சுற்றியும் பெஞ்சுகள் காலியாகக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"யாரப் பாத்து எழுதுனலே?"

"பாத்து எழுதல டீச்சர். எங்க நாலு வீட்டுக்கும் ஒரே தண்ணிக் குழாய்."

கோபம் அப்படியே நின்றுபோயிற்று.

அவனுடைய தாளை உருவினாள். இரண்டு வரியோடு அவனுக்கு ஆங்கிலம் தீர்ந்துபோயிருந்தது. மூன்றாவது வரி தமிழில் இருந்தது. அவள் படிக்காமல் அடித்த வரி. சிவப்புக் கோடு அதன் குறுக்கே போயிருந்தது.

தம்பி கண்ணே திறக்க மாட்டேங்கான். யார்ட்ட சொல்லணும் டீச்சர்?

பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி இப்ப எப்படி இருக்கான்?"

இசக்கிராஜா அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"அது வெள்ளிக்கிழம எழுதுனது டீச்சர்."