ஒன்பது வாரக் கோணல்

அறிவிப்பை அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்த பிறகுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

ஆறு வாரத்துக்கு ஒரு வெளியீடு. பதினொரு வருடமாக அப்படித்தான். ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு தடவை மட்டும் ஒன்பது வாரம். ஏன்?

மென்பொருள் சின்னதுதான். நூலகங்களில் புத்தகம் கொடுத்து வாங்குவதைப் பதிந்து வைக்கும். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தமும் அனுப்பலாம். அவசரம் என்றால் அன்றைக்கே வெளியிட்டுவிடுவார்கள். மற்ற சில்லறைத் திருத்தங்களைச் சேர்த்து வைத்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை.

அதற்குத் தேதி குறிக்கும் வேலை போன மாதம்தான் அவள் தலையில் விழுந்தது. விழுந்த வேகத்தில், "இந்தக் கோணலை நான் நிமித்திக் காட்டறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியும் விட்டாள். போன வாரம் மாங்கு மாங்கென்று உட்கார்ந்து இருநூறு பக்க வழிகாட்டியைச் சரிபார்த்தாள். ஒரே ஒரு பக்க எண்தான் தப்பு. அதையும் திருத்தினாள். நாளை காலை வெளியீடு. இந்த அறிவிப்பு போய்விட்டால், இனி ஆறு வாரம் ஆனதும் இயந்திரமே வெளியிட்டுவிடும். யாருக்காகவும் நிற்காது.

பழைய பொறுப்பாளரைப் போனில் பிடித்தாள்.

"அதுவா? வெயில்மா. வெயில் காலத்துல ஆள் கிடைக்காது" என்றார். பின்னால் அவருடைய கைக்குழந்தை வீறிட்டது. வைத்துவிட்டார்.

தேதிகளைப் பார்த்தாள். ஒரு வருடம் ஜனவரி. இன்னொரு வருடம் நவம்பர், நல்ல மழை. வெயிலாம் வெயில்! யாருக்குக் காது குத்துகிறார்?

இனி விடுவாளா? பழைய வெளியீடுகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றின் கடைசியிலும் திருத்தம் அனுப்பியவர்களுக்கு ஒரு நன்றிப் பட்டியல். பெயர்கள் வரும், போகும். ஒரு பெயர் மட்டும் போகவே இல்லை.

சுண்டெலி.

படம் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு வணக்கம்கூடக் கிடையாது. வெளியீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு நாள் முன்னால் ஒரே ஒரு திருத்தம் வரும். அதுவும் வழிகாட்டியில் ஏதாவது ஒரு பக்க எண். வருடத்துக்கு ஒருமுறை சுண்டெலி எங்கேயோ போய்விடும். மூன்று வாரம் கழித்து வரும். அது வந்த மறுநாள் வெளியீடு.

ஒரு பக்க எண்ணுக்காக முந்நூறு நூலகங்களைக் காக்க வைத்தாரா அந்த மனிதர்? அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

அப்புறம் கண்ணில் பட்டது, மூன்றாம் வருடத்து வெளியீடு ஒன்று. சுண்டெலி வரவில்லை. பழைய பொறுப்பாளர் நிற்காமல் வெளியிட்டிருக்கிறார். அன்று மதியமே பிழைப் பட்டியலில் ஒரு புகார். போட்டவர் பெயர் பூனை.

'பிழை: நன்றிப் பட்டியலில் சுண்டெலி இல்லை. எனக்கு இந்த மென்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அந்தப் பெயர் இருந்தால், ஆள் இருப்பதாக எடுத்துக்கொள்வேன். தயவுசெய்து பார்த்துச் சொல்லவும்.'

அதன் கீழே, மூன்று வாரம் கழித்து, பழைய பொறுப்பாளரின் ஒற்றைச் சொல்: 'சரிசெய்யப்பட்டது.'

அவருக்கு மறுபடி போன் போட்டாள்.

"யாருண்ணா அவங்க? அண்ணன் தங்கச்சியா, புருஷன் பொண்டாட்டியா?"

"தெரியாதும்மா. நான் கேக்கல. கேட்டா ரெண்டு பேருமே ஓடிடுவாங்க. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன், குழந்தை பொறந்த அமளியில... இரு இரு, மறுபடி அழறான்."

போனை வைத்துவிட்டார்.

எல்லாம் சரி. ஒன்று மட்டும் அவள் மண்டையைக் குடைந்தது. அதே பழைய வழிகாட்டி. அதில் ஆறு வாரத்துக்கு ஒரு பக்க எண் புதிதாக எப்படித் தப்பாகும்?

எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு அங்கேயே இருக்கும். தேடினாள். அந்தப் புகாருக்குப் பிறகு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மறுநாள், சரியாக இருந்த ஓர் எண் தப்பாக மாறியிருந்தது. மாற்றியவர் பழைய பொறுப்பாளர். கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் மனிதர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கடைசியாக அவர் போட்டு வைத்த தப்பைத்தான் போன வாரம் அவள் திருத்தியிருந்தாள்.

நாளைய நன்றிப் பட்டியலைத் திறந்தாள். ஒன்பது பெயர்கள். சுண்டெலி இல்லை. எப்படி இருக்கும்? திருத்துவதற்கு ஒன்றையும் அவள் மிச்சம் வைக்கவில்லையே!

அறிவிப்பை அழித்தாள். அட்டவணையில் ஒன்பது வாரம் ஒன்பது வாரமாகவே இருக்கட்டும் என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் 'வெயில்' என்று போட்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு வழிகாட்டியைத் திறந்தாள். 'பக்கம் 13 பார்க்க' என்று ஒரு வரி. அதை 31 ஆக்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தே ஒரு தப்பைச் சேமித்தாள்.

காபி போட்டு வந்தாள். அது ஆறுவதற்குள் திருத்தம் வந்துவிட்டது. 31 அல்ல, 13.

கூடவே, பதினொரு வருடத்தில் முதல்முறையாக, சுண்டெலி ஒரு வரி எழுதியிருந்தது.

'நன்றி. ஒரு வாரமாகத் தேடிக்கொண்டே இருந்தேன். நாளைக்குப் பட்டியலில் என் பெயரைத் தேடுவார்களே என்று பயந்துவிட்டேன்.'