வெட்டாத மூச்சு

தயாளன் போட்ட ராப் பாட்டுகளில் எவனும் மூச்சு விட்டதில்லை. வரிகளுக்கு நடுவே பாடுகிறவன் இழுக்கும் மூச்சைக் கம்ப்யூட்டரில் தேடித் தேடி வெட்டிவிட்டு, அசல் பதிவை அழித்துவிடுவான். அந்தச் சுத்தத்தில்தான் பேர் வந்தது, கம்பெனி வந்தது, கடலைப் பார்த்த மூன்று மாடிக் கட்டடம் வந்தது. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் போர்வை தொங்கிய வாடகை அறையில் அவனுக்காக முதலில் பாடிய ஆரோன் போன வருஷம் செத்துப்போனான். ஆரோன் குரல் இன்னமும் ஆட்டோவுக்கு ஆட்டோ முழங்குகிறது, மூச்சில்லாமல். வெளியிடாத ஒரு பாட்டில் மட்டும் வெட்டாத மூச்சு ஒன்று மிச்சமிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தயாளன் தினமும் அதைக் கேட்பான், யாரிடமும் சொன்னதில்லை. இன்று மதியம், அவனிடம் தொழில் பழகிய ஷமீலா சிரித்த முகமாக வந்தாள். “சார், ஆரோன் அண்ணன் நினைவு நாளுக்கு, வெளிவராத அந்தப் பாட்டை ரெடி பண்ணிட்டேன். ஒரு எடத்துல மூச்சு இருந்துச்சு, தூக்கிட்டேன்.” “அசல்?” “அழிச்சிட்டேன் சார். நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?” “நல்லா பண்ணியிருக்கே” என்றான். அவள் போனதும் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு பாட்டை ஓடவிட்டான். அந்த இடம் வந்ததும் தானே ஒரு மூச்சை இழுத்தான். திரும்பப் போட்டுக் கேட்டால், அது தயாளன் மூச்சாகத்தான் இருந்தது. அழித்துவிட்டு, மறுபடி இழுத்தான்.