துள்ளுமாரி

கால்நடை மருத்துவம் முடித்துச் சொந்த ஊரான பரளச்சிக்கு வந்திருந்த மாரீஸ்வரி, செத்துக் கிடந்த கிடாவின் பக்கத்தில் சலித்துப்போய் உட்கார்ந்தாள்.

“கண்ணு பட்டுருச்சு தாயி,” என்றார் அப்பா.

“கண்ணுமில்ல, மண்ணுமில்ல. இது துள்ளுமாரி. மழைக்கு முளைச்ச புல்லை வயிறு முட்ட மேஞ்சா, குடல்ல கிருமி பெருகி வெசத்தைக் கக்கும். அந்த வெசம் ரத்தக் குழாயோட உள்சவ்வைச் சிதைச்சு, மூளையில நீர் கோத்துரும். இதுக்குத்தான போன மாசம் ஊசி மருந்து கொண்டாந்து குடுத்தேன்? போட்டீகளா, இல்லையா?”

“மத்த இருபதுக்கும் போட்டாச்சுத்தா. இது ஒண்ணுக்குத்தான் போடல.”

“ஏன்?”

“சாமிக்கு நேந்துவிட்ட கிடாயில்ல? ஊசி குத்துனா ஊனமாயிரும்ல?”

“எதுக்கு நேந்துவிட்டீக?”

அப்பா தலையைச் சொறிந்தார்.

“நம்ம ஆடுகளுக்குத் துள்ளுமாரி வரக்கூடாதுன்னுதான்.”