விதைக் கோதுமை

"தாழ்ப்பாள்ல கை வச்சீங்கன்னா, சாமின்னுகூடப் பார்க்க மாட்டேன்" என்றாள் அந்தூசா. கையில் அரிவாள் இருந்தது. ஊர்ப் பாதிரியார் மோதெஸ்தோஸ் கோட்டைக் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மூன்று நாளாக அந்தப் படைக்காரப் பாவிகள் வெளியே கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாதா கோயிலுக்குள் பூட்டி வைத்திருந்த விதைக் கோதுமை. முதல் மழை விழுந்தாயிற்று. விதை போனால் சங்காரியோஸ் ஆற்றங்கரையில் அடுத்த வருஷம் இந்த ஊரே இருக்காது.

"கறி தொடாத நோன்பு நாள்ல இவ்வளவு கோபம் ஆகாதும்மா. கிறிஸ்து பிறக்கிற வரைக்குமாவது பொறுமையா இரு. கோதுமையைக் கொடுத்தா போயிடுறேங்கிறான் அவங்க தளபதி. உசிராவது மிஞ்சும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க சாமி."

போன வருஷம் வாசல் சாவி அவள் புருஷன் பார்தாஸிடம் இருந்தது. இதே படை, இதே தேனொழுகும் பேச்சு. நம்பித் திறந்துவிட்டான் அந்த அப்பாவி. உழவு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், திராட்சைக் கொடிகளை வெட்டி அடுப்பெரித்தார்கள், மூட்டை சுமக்க பார்தாஸையும் இழுத்துப் போனார்கள். எட்டாம் நாள் ஓடையில் பிணமாகக் கிடந்தான், முதுகெல்லாம் சாட்டைத் தழும்பு. அன்றிலிருந்து சாவி அந்தூசாவின் இடுப்பில்தான்.

விடுவிடுவென்று மதில் மேல் ஏறினாள். கீழே பெரிய அண்டாவில் மொச்சை வெந்துகொண்டிருந்தது. முந்தாநாள் மடக்கிப் பிடித்த ஊர் ஆடுகள் பக்கத்திலேயே கத்திக்கொண்டு நின்றன. ஒன்றைக்கூட வெட்டாமல், ஆளாளுக்கு அவித்த மொச்சையை அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள்.

தளபதி வாயைத் துடைத்துக்கொண்டு மதிலடிக்கு வந்தான்.

"ஏ பொம்பளே, சாவியைக் கீழே போடு. உன் ஊர்ல ஒருத்தர் மேலயும் துரும்புகூடப் படாது. சத்தியமா சொல்றேன்."

"என் புருஷன்கிட்டயும் இதே சத்தியம்தானே பண்ணின? நீ நாசமாப் போவ." மதில் மேல் வைத்திருந்த பாத்திரம் கழுவின தண்ணீரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள். மதில் மேல் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. "விறகைக் கொண்டாங்கடா. கதவைக் கொளுத்துங்க."

பாதிரியாரும் பின்னாலேயே மதில் ஏறி வந்திருந்தார். "கேட்டியா? யாரை நம்பிம்மா இந்த ஆட்டம் ஆடுற? நமக்குன்னு யார் இருக்கா?"

"ஆள் அனுப்பியிருக்கோம் சாமி. வருவாங்க."

விறகு கதவின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது. ஒருவன் பந்தத்தைப் பற்றவைத்தான். மதிலிலிருந்து கல்லெறிந்தும் பயனில்லை, கேடயத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அப்போதுதான் கிழக்கு மேட்டில் குதிரைகள் தெரிந்தன. இருநூறுக்குக் குறையாது. மதில் மேல் யாரோ ஓவென்று அழுதார்கள். அந்தூசா இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கீழே ஒரே அமளி. பந்தம் சேற்றில் விழுந்து அணைந்தது. அண்டா கவிழ, கொட்டிய மொச்சையை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். தளபதி முகத்தில் ஈயாடவில்லை. கதவை இரண்டு கையாலும் தட்டினான்.

"தாயி, கதவைத் திற. உள்ள வந்து சேர்ந்து நின்னு சண்டை போடுறோம். நாங்க நம்ம சக்கரவர்த்தியோட படை. உன்னை மாதிரியே சிலுவை போடுறவங்க. அங்க வர்றது துருக்கருங்க, தாயி."

அந்தூசா மதிலிலிருந்து எட்டி அவனைப் பார்த்தாள்.

"தெரியும். நாங்கதான் வரச் சொன்னோம்."