காதைப் பொத்திய கைகள்

முத்துசெல்விக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். அந்த இசையைத்தான் தாங்கமாட்டாள். இசை ஏறும்போதெல்லாம் கணவர் சாம் அவள் காதுகளைப் பொத்திவிடுவார். "பேயே மியூசிக்லதான் இருக்கு, ஏட்டி" என்பார்.

அவர் இறந்து ஒரு வருடம் கழித்து, தென்காசியில் தனியாக மேட்னி போனாள். கடைசி வரிசை, பின்னால் வெறும் சுவர். வயலின்கள் அலறி எழுந்தபோது, பழகிய இரண்டு உள்ளங்கைகள் அவள் காதுகளை மூடின. அவள் திரும்பவில்லை. பயமில்லாமல் படம் முழுவதும் பார்த்தாள்.

முடிவில் ஒரு பாட்டு மெல்லிசாகக் கேட்டது.

"இம்புட்டு தூரம் எனக்காக வந்தியளே, அதுவே போதும்" என்றாள். "இப்ப கைய எடுங்க, பாட்டு கேக்கணும்."

கைகள் விலகின. கடைசி வரிவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அந்தக் கைகள் பட்ட காதோரத்து முடி மட்டும் குற்றாலச் சாரலில் நின்றதுபோல் நனைந்திருந்தது.